மூன்றாம் நாள் விழுந்த நீலம்

திங்கள் காலை. கிருஷ்ணகிரியைத் தாண்டியதும் ஓசூர் பஸ் சட்டென்று பிரேக் அடித்தது. மேலே வைத்திருந்த பையின் காது அறுந்து, பத்துப் பன்னிரண்டு மாங்காய்கள் முன்சீட்டுக்காரன் தலையில் மடமடவென்று விழுந்தன.

"ஐயோ... சாரிங்க!" பதறினாள் அவள். சொந்த ஊர் நாகரசம்பட்டித் தோப்புக் காய். ஓசூரில் கம்பெனி ஹாஸ்டல் தோழிகளுக்காகக் கொண்டுபோகிறாள்.

அவன் திரும்பினான். திட்டப்போகிறான் என்று பார்த்தால்... கண்ணெல்லாம் சிரிப்பு! ஜன்னல் சாரலில் நனைந்த இமைகள் வேறு. பாவி, இப்படியா பார்ப்பது?

"மூணாவது நாளுங்க," என்று புஜத்தில் கட்டியிருந்த துணியைக் காட்டினான். "உள்ள நீலக்கல். ஏழரைச் சனிக்கு. ஒத்துக்குதான்னு மூணு நாள் கட்டிப் பாக்கச் சொன்னாங்க அம்மா. இன்னிக்குப் பொழுது ஒண்ணும் ஆகாம இருந்திருந்தா மோதிரம் பண்ணிருப்பாங்க. கெடுத்துட்டீங்களே! நான் சுரேந்தர். உங்க பேரு?"

அவள் குனிந்து காய்களைப் பொறுக்கினாள். "நீலம்..."

அவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

சிரித்திருக்கக் கூடாது. தோப்பில் நீலம் ரக மாங்காய் லோடு ஏறிய அன்று பிறந்தவள் என்று அப்பா முனிவேல் ஆசையாய் வைத்த பேர். மற்ற ரகமெல்லாம் ஓய்ந்தபிறகு வருகிற இனிப்பு என்பார். போன தையில் பெண் பார்க்க வந்தவர்களோ, "நீலம் எல்லாருக்கும் ஒத்துக்காதே" என்று காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள்.

"சிரிங்க... நல்லாச் சிரிங்க!"

ஓசூர் வரை போகாமல் பாதி வழியில், சூளகிரியிலேயே இறங்கிவிட்டாள். கொட்டுகிற மழையில் அவள் அழுதது யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த திங்கள் காலை, கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் நின்றவள் முன்னால் அவன் மூச்சிரைக்க வந்து நின்றான். புஜத்தில் துணி இல்லை.

"கல்லைத் திருப்பிக் குடுத்துட்டோம்ங்க."

"பின்ன? ஆகாத பேராச்சே!"

"கேளுங்களேன்... ஒரு காய் என் பைக்குள்ள விழுந்திருந்துச்சு. அரிசிக்குள்ள வச்சேன், மூணு நாள்ல பழுத்துடுச்சு. அம்மா சாப்பிட்டுட்டு, எந்தத் தோப்புடான்னாங்க. எல்லாம் சொன்னேன்... உங்க பேரையும். ரொம்ப நேரம் கொட்டையச் சப்பிட்டே இருந்தாங்க. அப்புறம், 'நல்லது தானா வந்து தலையில விழுந்திருக்கு, இனி கல்லு எதுக்குடா'ன்னாங்க."

அவள் கண்கள் நிறைந்தன. "உங்களுக்கு... பயமில்லையா?"

"இருக்குங்க. பேருக்கு இல்ல... நீங்க வேணாம்னு சொல்லிடுவீங்களோன்னு."

ஓசூர் பஸ் வந்து நின்றது. அவள் மாங்காய்ப் பையை அவன் கையில் திணித்தாள்.

"மடியிலயே வச்சுக்கங்க. மேல வச்சா மறுபடி விழும்."

அவன் விழித்தான். "அப்போ..."

"காலைல இருந்து இது அஞ்சாவது பஸ்," என்றாள் நீலம், முகம் சிவக்க. "நாலு பஸ்ஸ விட்டுட்டு நிக்கறேன், தெரியுமா?"