பச்சை நூல் கட்டிய குடை

"ஏங்க... அது என் குடை!"

காபிக் கடை வாசலில், எடுத்த குடையோடு மினோரி திரும்பினாள். பின்னால் ஓர் இளைஞன். ஜப்பானின் மாட்சுவே நகரத்து மழை வலுத்திருந்தது. வாசலில் செருகியிருந்த பிளாஸ்டிக் குடைகள் எல்லாமே ஒரே அச்சு.

"உங்க பேர் எழுதியிருக்கா என்ன?"

"கைப்பிடியில பச்சை நூல் கட்டியிருக்கேன். பாருங்க."

இருந்தது. கடையே பார்த்தது. மினோரிக்குக் காது சிவந்தது. குடையை அவன் கையில் திணித்துவிட்டு, மன்னிப்புகூடக் கேட்காமல் நனைந்தபடி நடந்தாள். மழைத்துளி தங்கிய அவன் இமைகள் மட்டும் ஏனோ கூடவே வந்தன...

மறுநாள், அவள் வேலை பார்க்கும் பதிப்பகத்தில் அவனே வந்து நின்றான். குஸுமோதோ, உயர்நிலைப் பள்ளி மொழியாசிரியன். இலக்கண நூலுக்கு அவன் எழுதிய பாடத்தைத் திருத்துவது மினோரியின் வேலை. ஏட்டு நடையில் 'ஆயினும்', 'எனினும்' என்று ஒன்றை ஒப்புக்கொண்டு, பிறகு மாற்றிச் சொல்லும் முறைதான் பாடம்.

"'பனி பெய்தது எனினும் வீரன் புறப்பட்டான்.' எந்தக் காலத்து உதாரணம் வாத்தியாரே இது? பசங்க தூங்கிடுவாங்க."

"அப்ப நீங்க ஒண்ணு சொல்லுங்களேன்."

"'குடை தன்னுடையதே ஆயினும், மழையில் ஒரு பெண்ணிடமிருந்து பிடுங்குதல் தகாது.'"

அவன் சிரித்துவிட்டான். "'தவறு தன்னுடையதே எனினும், அவள் மன்னிப்புக் கேளாள்.' இதையும் சேத்துக்குங்க."

குளிர்காலம் முழுக்க வாரந்தோறும் வந்தான். ஒருநாள் கிளம்பும்போது அவன் குடையைக் காணோம். "யாரோ மாத்தி எடுத்துட்டாங்க போல" என்று நனைந்தே போனான். மினோரி அச்சுத்தாளிலிருந்து தலை நிமிரவில்லை.

மார்ச் கடைசியில் ஆசிரியர் இடமாற்றங்கள் செய்தித்தாளில் வந்தன. அவன் பெயருக்கு நேரே, கப்பலில் போக வேண்டிய ஓக்கி தீவு.

இனிப்புப் பெட்டியோடு விடைபெற வந்தவன் அவள் மேசை முன்னால் தயங்கினான்.

"தூரம்தான்... இருந்தாலும்..."

மீதி வரவில்லை. அவனே சொல்லட்டும் என்று இருந்தாள். அவன் குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டான். போயே விடுவானா?

புறப்படும் நாளும் மழை. வழியனுப்பும் வழக்கப்படி, கப்பல் மேல்தளத்தில் நின்ற அவன் கையிலிருந்து கரைக்கு வண்ணக் காகித நாடாக்கள் நீண்டிருந்தன. ஒவ்வொரு நுனியையும் ஒரு மாணவன் பிடித்திருந்தான். மினோரி மூச்சிரைக்க ஓடி வந்து கத்தினாள்.

"ஏங்க... இது உங்க குடை!"

கைப்பிடியில் பச்சை நூல்.

"மறுபடியும் மாத்தி எடுத்துட்டீங்களா?"

"முதல் தடவை தெரியாம எடுத்தேன். அதுக்கு மன்னிச்சிருங்க! ரெண்டாவது தடவை..." குடையை உயர்த்திப் பிடித்தாள். "நூலைப் பாத்துட்டுத்தான் எடுத்தேன். உங்களோடது ஏதாவது ஒண்ணு எங்கிட்ட இருக்கணும்னு..."

கப்பல் அசைந்தது. அவன் அவசரமாக ஒரு நாடாச் சுருளை வீசினான். அவள் எட்டிப் பிடித்தாள்.

"தீவு தூரம்தான், மினோரி! இருந்தாலும்... உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு! குடையை வாங்க லீவுக்கு வரேன்!"

நாடா இழுபட்டு, நனைந்து, அறுந்தது. நுனியை அவள் விடவில்லை.

"வர வேணாம் வாத்தியாரே... நானே கொண்டு வரேன்!"