மழை இல்லாமல் ஓடிய வைப்பர்

வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. சாலையோரப் புல்லெல்லாம் வெயிலில் மினுமினுத்தது. ஆனாலும் அந்தச் சாம்பல் நிறக் கார், காய்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓடவிட்டபடி வந்தது. கிறீச்... கிறீச்...

பஸ்ஸுக்காகப் பெட்டியோடு நின்றிருந்தவளுக்குப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. இந்த நாட்டில் வண்டிகள் வலது பக்கம் போகின்றன. ஸ்டியரிங் இடது பக்கம். இண்டிகேட்டரும் வைப்பரும் கை மாறி இருக்கும். நம் பக்கத்திலிருந்து புதிதாக வருகிறவர்கள், திரும்பும்போது பழக்கதோஷத்தில் இண்டிகேட்டர் என்று நினைத்து வைப்பரைப் போட்டுவிடுவார்கள். அக்காவின் கணவர் வந்த புதிதில் இப்படித்தான் ஓட்டினார் என்று அக்கா ஃபோனில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அவளும் சிரிக்கத் தொடங்கினாள். அதற்குள் அந்தக் கார் திரும்பி, நேராக இடது பக்கத்தில் ஏறிக்கொண்டது. எதிரே ஒரு பால் லாரி.

"வலது பக்கம்! வலது பக்கம் போங்க!"

பயத்தில் வேறு எந்த மொழி வரும்? தமிழில்தான் கத்தினாள். கார் சட்டென்று திரும்பி, புல்மேட்டில் ஏறி, அவள் பெட்டியை உரசாத குறையாக நின்றது. லாரிக்காரர் ஹாரனிலேயே திட்டிவிட்டுப் போனார். வைப்பர் மட்டும் எதுவும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தது.

அவன் இறங்கினான். நெடுநெடுவென்ற உயரம். நனைந்த கருங்கல் போல மின்னும் கண்கள்... பயம் இன்னும் அவற்றில் பாக்கி இருந்தது.

"தமிழா நீங்க?"

"லாரி வர்றப்ப மட்டும்."

லாரியைத் தான் முன்பே பார்த்துவிட்டதாகவும், ஒதுங்கத்தான் இருந்ததாகவும் அவன் விளக்க ஆரம்பித்தான். அவள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"சரிங்க. முதல்ல அந்த மழையை நிறுத்துங்க."

அவன் காதுவரை சிவந்துபோனான். உள்ளே கைவிட்டு எதையோ திருக, முன்விளக்கு எரிந்தது. பிறகுதான் வைப்பர் நின்றது.

பின்சீட்டுக் கண்ணாடி இறங்கியது. நீலச் சால்வைக்குள்ளிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தது. அவனுடைய அம்மா. பெட்டி டிக்கிக்குள் போவதற்குள் அந்த அம்மாள் எல்லாவற்றையும் விசாரித்து முடித்துவிட்டார். பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. அக்காவைப் பார்க்க வந்திருக்கிறாள். அக்கா வீடு ஏரிக்கரை ஊரில். இன்றைய பஸ் ரிப்பேர் என்று இப்போதுதான் ஃபோனில் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பஸ்ஸில் கிளம்பி, விமானம் ஏறி ஊர் திரும்ப வேண்டும். தன் தரப்பையும் சொன்னார். மகன் பாலங்களைச் சோதிக்கிற எஞ்சினியர், லீவு போட்டு அம்மாவுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறான், அவர்கள் போவதும் அதே ஏரிக்குத்தான்.

"ஏறு கண்ணு. முன்னால உக்காரு. இவனுக்குப் பக்கம் சொல்ல ஒரு ஆள் வேணும்."

அப்படித்தான் அந்தப் பயணம் தொடங்கியது.

ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் "வலது..." என்று இழுத்துச் சொல்வாள். "தெரியும்" என்பான் அவன். சொல்லிக்கொண்டே வைப்பரைப் போட்டு, இடது பக்கம் ஒதுங்கப் பார்ப்பான். மலைச்சரிவில் ஊசியிலை மரங்கள் வரிசை வரிசையாக ஏறின. பள்ளத்தாக்கில் சிவப்பு ஓட்டுக் கூரைகளோடு சின்னச் சின்ன ஊர்கள், மணிக்கூண்டுகள், ஜன்னல்தோறும் பூத்தொட்டிகள். இரண்டாவது ஊர் தாண்டுவதற்குள் அவள் அவனுக்கு 'மழைக்காரர்' என்று பெயர் வைத்துவிட்டாள். அவன் பதிலுக்கு 'வலதம்மா' என்றான். பின்சீட்டில் தூங்குவதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்த அம்மாவின் சால்வை குலுங்கியது.

பாலம் வந்தால் போதும், அவன் காரை ஓரங்கட்டிவிடுவான். இறங்கி, சரிவில் குனிந்து, பாலத்தின் அடிவயிற்றைப் பார்ப்பான். ஊருலகமே பனிமலையை அண்ணாந்து பார்க்கிறது, இவர் மட்டும் கீழே பார்க்கிறாரே என்று அவள் கேலி செய்தாள். அவன் கையசைத்துக் கூப்பிட்டான். போய்க் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தூண் இடுக்கெல்லாம் தகைவிலான் குருவிக் கூடுகள். கீழே தண்ணீரில் ஒரு நீர்நாய் மல்லாந்து படுத்து, மீனை வயிற்றின் மேல் வைத்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. அவள் திரும்பியபோது அவன் நீர்நாயைப் பார்க்கவில்லை... அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு காட்டுக்குள் மான்கள் வந்தன.

ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை. மந்தையாக வந்து காரைச் சூழ்ந்துகொண்டன. கிளைவிட்ட கொம்போடு ஓர் ஆண் மான், திறந்திருந்த ஜன்னல் வழியே மூக்கை நீட்டி அவன் தோளை முகர்ந்தது. அவளுக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. இயந்திரத்துக்குப் பின்னால் நின்று நோயாளிகளிடம் தினமும் சொல்லுகிற அதே குரலில் சொன்னாள்.

"அசையாதீங்க. மூச்ச அடக்கிக்கங்க."

அவன் அடக்கிக்கொண்டான். மான் அவனை ஆற அமர முகர்ந்துவிட்டு, தும்மிவிட்டுப் போயிற்று. மந்தை முழுக்கக் கடந்து, கடைசிக் குட்டியும் மரங்களுக்குள் மறைந்தது. அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பினால், முகம் சிவந்து, கன்னம் உப்பி அவன் அப்படியே இருந்தான். அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மாவும் தூக்கத்தை மறந்து சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அடுத்த ஊர்வரைதான் இருந்தது.

காபி குடிக்க ஒரு கடையில் நிறுத்தினார்கள். கை கழுவப் போனவள் திரும்பி வரும்போது, தடுப்புக்கு அந்தப் பக்கம் அம்மாவும் பிள்ளையும் பேசுவது கேட்டது. இந்தப் பெண் பக்கத்தில் இருந்தால் உன் முகமே வேறு மாதிரி இருக்கிறதே, பேசிப் பார்க்கட்டுமா என்று அம்மா கேட்டார். பிடிபட்டுவிட்ட கூச்சம் அவனுக்கு. ஆம்பளை வீம்பு வேறு.

"பக்கம் சொல்ல ஆள் வேணும்னு ஏத்திக்கிட்டோம். வேற என்னம்மா இருக்கு?"

அவள் தடுப்பின் இந்தப் பக்கமே நின்றாள். கையிலிருந்த ஈரம் காயும்வரை நின்றாள். பக்கம் சொல்கிற ஆள்... அவ்வளவுதானா? காலையில் பார்த்த ஒருவன் மேல் தனக்கென்ன உரிமை என்று கேட்டுக்கொண்டாள். கேள்வி சரிதான். நெஞ்சுதான் ஒத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகும் திருப்பங்களில் "வலது" என்று சொன்னாள். ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிற குரலில். அவன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். என்னாச்சு என்று கேட்க வாய் வந்தது... கேட்கவில்லை. அக்கா வீட்டு வாசலில் இறங்கியவள் அம்மாவின் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அவனிடம் தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஏரியைக் காட்ட அக்கா கூட்டிப்போனாள், படகிலும் ஏற்றினாள். நாரைகள் வந்தன, மாலை வெயில் தண்ணீரில் தங்கமாகக் கரைந்தது. எதுவும் அவளுக்குள் இறங்கவில்லை. தெருவில் கார் சத்தம் கேட்டால் ஜன்னலுக்குப் போனாள். எந்தக் காரிலும் வைப்பர் ஓடவில்லை. நாலு கேள்வி கேட்டுவிட்டு, தங்கை எதற்கு இப்படி இருக்கிறாள் என்று அக்காவே சொல்லிவிட்டாள். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று இவள் சண்டைக்குப் போனாள். அவனாக வரட்டும். நான் எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. அவனும் வரவில்லை, மழையும் வரவில்லை. பஸ் நிறுத்தத்தில் அக்காவோடு நின்றாள். இந்தப் பஸ்ஸில் ஏறிவிட்டால் கடல் தாண்டி அவள் ஊர். அவன் ஊரைக்கூட அவள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. தூரத்து வளைவில் பஸ் தெரிந்தது. அக்கா பெட்டியைத் தூக்கினாள்.

பஸ்ஸுக்குப் பின்னால்... சாம்பல் நிறத்தில்...

துடைத்து வைத்தது போன்ற வெயிலில், ஒரு வைப்பர் இடமும் வலமும் ஆடிக்கொண்டு வந்தது.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. கார் வலது பக்கமாகவே வந்து, ஒழுங்காக ஓரங்கட்டி நின்றது. அவன் இறங்கி வந்தான். ஷேவ் செய்யவில்லை.

"காபிக் கடையில நான் சொன்னது உங்க காதுல விழுந்திருக்கும்னு அம்மா நேத்துதான் சொன்னாங்க."

அவள் அக்கா கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"அது பொய்ங்க. எனக்குப் பக்கமெல்லாம் ரெண்டாவது பாலத்துலயே பழகிடுச்சு. நீங்க சொல்றத நிறுத்திடுவீங்களேன்னுதான் தப்பு தப்பாத் திரும்பினேன்."

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது.

"அன்னிக்கு மான் வந்தப்ப மூச்ச அடக்கிக்கச் சொன்னீங்க." அவன் குரல் இறங்கியது. "விடலாம்னு நீங்க இன்னும் சொல்லவே இல்ல."

பின்சீட்டிலிருந்து அம்மா, இவன் சாப்பிட்டே இரண்டு நாள் ஆகிறது, சீக்கிரம் சொல்லு கண்ணு என்றார். அவள் தரையைப் பார்த்தாள், பஸ்ஸைப் பார்த்தாள். பிறகு முதல்முறையாக அவன் கண்களை நேராகப் பார்த்தாள்.

"இப்ப விடலாம்..."

அக்கா பஸ் டிரைவரிடம் கையசைத்தாள். பஸ் போய்விட்டது. விமான நிலையம்வரை முன்சீட்டில் இருந்தபடி அவள் வலது, வலது என்று சொல்லிக்கொண்டே போனாள்.

எத்தனையோ வருஷம் கழித்து, இந்த வாரம் அதே சாலையில் அவர்கள் மறுபடி வந்திருக்கிறார்கள். ஊசியிலை மரங்கள் அப்படியே நிற்கின்றன. காபிக் கடை இருந்த இடத்தில் சைக்கிள் கடை. பின்சீட்டில் அம்மாவின் நீலச் சால்வை மட்டும் மடித்தபடி இருக்கிறது. அவனுக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவள்தான் ஓட்டுகிறாள். பக்கம் சொல்கிற வேலை அவனுக்கு.

முதல் திருப்பத்திலேயே அவள் கை தவறி வைப்பர் ஓடியது. இருவரும் சிரித்து ஓய்ந்தார்கள். காதலைச் சொல்ல வந்த நாளில்கூட வைப்பரைப் போட்டுக்கொண்டு வந்த மனுஷன்தானே நீங்கள் என்று அவள் வழக்கமான கேலியை எடுத்தாள். சொந்தபந்தம் முழுக்கத் தெரிந்த கேலி அது.

"அன்னிக்கு அது கை தவறிப் போட்டதில்ல" என்றான் அவன்.

அவள் காரை ஓரங்கட்டினாள்.

"நீ பஸ்ல ஏறிடுவியோன்னு பயம். தூரத்துலேர்ந்தே நான்தான்னு உனக்குத் தெரியணும்ல? அதான் போட்டேன்."

"இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"நீ அத எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிப்பே. பாக்க நல்லா இருக்கும்..."

அவள் சாலையைப் பார்த்தாள். கண்ணாடிக்கு வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. கண்ணாடிக்கு உள்ளேதான் எல்லாம் மங்கலாகத் தெரிந்தது.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வலது கையை நீட்டி, வேண்டுமென்றே வைப்பரைப் போட்டாள்.

"வலது..." என்றான் அவன்.

"தெரியும்" என்றாள் அவள்.