வெளியே போன செருப்புத் தடம்

ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜெண்ட் கத்பர்ட் மொடெஸ்ட் காலைக் கொக்கோவை ஆற்றிக்கொண்டிருந்தபோது, விடுதிக்கார ஐயந்தி நோயல் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

“சார்ஜெண்ட், என் தங்கச்சி மகள் வெர்லினைக் காப்பாத்துங்க. அந்த இங்கிலீஷ்கார அம்மா எழுதின புத்தகத்தோட காகிதக் கட்டு ராத்திரி காணாமப் போச்சு. விடுதியில வேலை செய்யற இவதான் திருடினாள்னு ஊரைக் கூட்டிக் கத்துது. மத்தியானம் போலீஸைக் கூப்பிடுமாம்.”

கொக்கோவில் பங்குக்கு வந்திருந்த டாக்ஸிக்காரன் லெனாக்ஸ் சாவியோடு எழுந்துவிட்டான். ஊர் வம்பென்றால் அவனுக்குச் சோறு வேண்டாம்.

எங்கள் கிரெனடாத் தீவுக்கு எழுத வருகிறவர்களுக்கு என்றுமே பஞ்சமில்லை. ஒரு குளிர்காலம் தங்குவார்கள், கடலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள், திரும்பிப் போய்ப் புத்தகம் போட்டுவிடுவார்கள். ஹிலரி பென்ரோஸும் அப்படித்தான். லண்டனில் பதிப்பாளர் காத்திருந்தார். அவள் புத்தகத்துக்குப் படம் எடுக்க வந்த ஜெர்மன்காரன் ரைனர், அட்டையில் தன் பெயரும் வர வேண்டும் என்று மல்லுக்கு நின்று, கோபித்துக்கொண்டு கீழ்த்தெருவில் தனியாகத் தங்கியிருந்தான். அவளுக்குத் தீவின் கதைகளைச் சொன்னவர் பள்ளி ஆசிரியர் ஆர்வில் கேட்டோ. இதே தீவைப் பற்றி அவரும் இருபது வருஷமாக எழுதுகிறார். ஒரு பக்கம்கூட அச்சில் வந்ததில்லை. வயிற்றெரிச்சலுக்கு மருந்து விற்றிருந்தால் கூயாவ் ஊரில் அந்த வாரம் நல்ல வியாபாரம்.

விடுதி வராந்தாவில் ஹிலரி காத்திருந்தாள். ராத்திரி விடாமல் பெய்த மழையில் முற்றம் தடமெல்லாம் கரைந்து சேறாகக் கிடந்தது. வராந்தாத் தரையில், படிக்கும் அறைக் கதவுக்கும் நடுவே, ஒரே வரிசையாகச் செருப்புத் தடம். ஊரில் எல்லார் காலிலும் கிடக்கிற ரப்பர் செருப்புதான்.

“நீங்களே பாருங்க. எல்லாத் தடமும் என் அறையிலிருந்து வெளியே போகுது. உள்ளே வந்த தடம் ஒண்ணுகூட இல்லை. அப்போ எடுத்தவ உள்ளேயே இருந்தவதானே? தட்டச்சு பண்ணின ஒரே பிரதி அது!”

“நான் படுக்கையை விட்டு எந்திரிக்கவே இல்லைங்க,” என்றாள் வெர்லின். அழுது கண் வீங்கியிருந்தாலும் தலை குனியவில்லை.

மொடெஸ்ட் முட்டி போட்டு உட்கார்ந்தார். “லெனாக்ஸ், சேறு எங்கே அதிகம்?”

“படிகிட்ட கட்டி கட்டியா இருக்கு. கதவுகிட்ட லேசா. மேசைகிட்ட ஒண்ணுமே இல்லை.”

“சரி. ரைனரையும் கேட்டோ வாத்தியாரையும் கூட்டிட்டு வா.”

ரைனர் முனகிக்கொண்டே வந்தான். கேட்டோ இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார், தூங்காத முகம். வெர்லின் கொடுத்த காப்பியை அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

“அறைக்குள்ள தரை காய்ஞ்சிருக்கு,” என்று தொடங்கினார் மொடெஸ்ட். “அங்கிருந்து கிளம்பினவன் செருப்புல சேறு எப்படி வந்துச்சு? சேறு முற்றத்துல இருக்கு. படியில அப்பி, உள்ளே போகப் போகத் தேஞ்சிருக்கு. ஆக இந்த ஆள் வெளியே போகலை. உள்ளே வந்தான்.”

“செருப்பு முனை வெளியே பாத்திருக்கே!” என்றான் ரைனர்.

“ஆமா. பின்னாலயே நடந்து வந்திருக்கான். போறப்போ செருப்புல சேறு மிச்சமில்லை, தடம் விழலை.”

லெனாக்ஸ் நெற்றியில் அடித்துக்கொண்டான். “அடக் கடவுளே, ஜம்பி!”

நடுநிசிக்கு மேல் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் எங்கள் ஊரில் படியிலேயே திரும்பி, முகத்தைத் தெருப்பக்கம் வைத்துக்கொண்டுதான் நுழைவோம். கூடவே வந்த ஜம்பிப் பேய் வெளியே நின்றுவிடும். யோசித்துச் செய்வதில்லை, கால் தானாகச் செய்யும்.

“வீட்டுக்குள்ள படுத்திருந்தவளுக்கு முற்றத்துச் சேத்துல இறங்கி ஏற என்ன வேலை? வெளியே இருக்கறவங்கள்ல, கட்டு எந்த மேசையில இருக்குன்னு தெரிஞ்சவங்க ரெண்டே பேர். ரைனருக்கு ஜம்பின்னா என்னன்னே தெரியாது. அவர் நேராத்தான் நடந்து வருவார்.”

கேட்டோ சிரிக்கப் பார்த்தார். “சார்ஜெண்ட், நான் படிச்சவன். ஜம்பியெல்லாம் டூரிஸ்டுக்குச் சொல்ற கதை.”

“பகல்ல யாருமே நம்பறதில்லை வாத்தியாரே. ராத்திரி மழை, கும்மிருட்டு, பண்ணப் போறதோ திருட்டு. உங்க கால் நம்பிடுச்சு.” மொடெஸ்ட் குரலை உயர்த்தவே இல்லை. “உங்ககிட்ட எழுத்துப் படிச்ச பொண்ணு இது. போலீஸ் கூட்டிட்டுப் போகட்டுமா? சொல்லுங்க.”

கேட்டோ கோப்பையைக் கீழே வைத்தார்.

“எரிக்கத்தான் எடுத்தேன்,” என்றார். “பொறாமை. வேற பேரே கிடையாது. நான் இருபது வருஷமா முட்டி மோதறேன், இவங்க ஒரு குளிர்காலத்துல முடிச்சுட்டாங்க. மோசமா இருக்கணும் சாமின்னு வேண்டிக்கிட்டே படிச்சேன். பாழாப்போனது, நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. நெருப்பு வைக்கக் கை வரலை, திருப்பிக் கொடுக்க மானம் விடலை. என் கட்டிலுக்கு அடியில கிடக்கு.”

“இந்த ஜம்பிப் பழக்கத்தை எனக்கு நீங்க சொல்லவே இல்லையே!” என்றாள் ஹிலரி.

“எல்லாத்தையும்தான் உங்களுக்குக் கொட்டிட்டேன். இது ஒண்ணாவது என் புத்தகத்துல மட்டும் இருக்கட்டும்னு வெச்சிருந்தேன்.”

ஹிலரியின் கை அதற்குள் பென்சிலைத் தேடிப் பைக்குள் போய்விட்டது. வெர்லின் குறுக்கே வந்து நின்றாள்.

“எழுதறதை அப்புறம் எழுதலாம் மேடம். வெளியே பாருங்க, மீன் வாங்கப் போறவங்கெல்லாம் என்னைத்தான் பாத்துட்டு நிக்கிறாங்க. நாளைக்கும் இந்தத் தெருவுலதான் நான் நடக்கணும். நான் எடுக்கலைன்னு போய்ச் சொல்லுங்க. வாத்தியாரே, நீங்களும்தான். நான் கொடுத்த காப்பி தொண்டையில இறங்குச்சுல்ல?”

இரண்டு பேரும் முற்றத்துச் சேற்றில் இறங்கிப் போனார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது. ஹிலரி தொண்டையைச் செருமிக்கொண்டு, “வெர்லின் எடுக்கலை,” என்று முணுமுணுத்தாள்.

“கேக்கலை,” என்றாள் வெர்லின் வராந்தாவிலிருந்து. “காலையில கத்தினது நல்லாக் கேட்டுச்சே.”