வாங்கன்னு கூப்புடுங்க

ஆறுச்சாமியின் குரல் வேலிப்பக்கம் கேட்டதும் நாய் வாலை ஆட்டவில்லை. நாச்சியம்மாளுக்கு முதலில் உறைத்தது அதுதான். புருஷன் மொபெட்டில் ஊர் எல்லையைத் தொடும்போதே குதியாட்டம் போட்டு, வாசல் மண்ணை வாரி இறைத்து, பெற்ற பிள்ளைகூட இப்படி வரவேற்காது என்னும்படி அலப்பறை செய்கிற டைகர், இன்று கதவோரம் நின்று காதை விறைத்துக் கேட்டுவிட்டு, வயிறு தரையில் உரச நகர்ந்து கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது.

"வா கண்ணு... வா... இந்தா..."

அவர் குரலேதான். வெற்றிலை போட்டுப் போட்டுக் கரகரத்த அதே தொண்டை. அடிபட்ட ஆட்டுக்கு மருந்து வாங்க அன்னூருக்குப் போன மனுஷன் ஆறே முக்காலுக்கே வந்துவிட்டாரே, மொபெட் சத்தம் எப்படிக் கேட்காமல் போனது என்று யோசித்தபடி அரிசிம்பருப்புச் சோற்றை இறக்கி வைத்தாள். முன்கூடமான ஆசாரத்து ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். வாசல் பல்பின் வெளிச்சம் துவைகல்லோடு நின்றுவிட்டது. அதற்கு அப்பால் ஆட்டுப்பட்டி, பட்டிக்கு அப்பால் கிளுவை வேலி, வேலிக்கு அப்பால் கண்ணுக்கு எதுவும் அகப்படவில்லை.

"ஏனுங்க, அங்க என்ன பண்றீங்க? சோறு ஆறுது, இங்க வாங்க!" என்று சத்தம் போட்டாள்.

குரல் சட்டென்று நின்றது. அவள் சொன்னதை யாரோ தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பது போன்ற ஒரு நிசப்தம்.

பட்டியில் ஆடுகள் கத்தவில்லை. இருபத்திமூன்று செம்மறிகளும் ஒரே பக்கமாக முட்டிக்கொண்டு, வேலியைப் பார்த்து நின்றன. பயந்த ஆடு கூட்டத்தின் நடுவில் தலையைச் செருகும். இவை கழுத்தை நீட்டிப் பட்டி வலையைத் தள்ளிக்கொண்டிருந்தன, தீனிக்குக் கூப்பிட்டால் தள்ளுவது போல. காற்று அந்தப் பக்கமிருந்து வீசியது. மழையில் நனைந்து காயாத கோணிச்சாக்கின் நாற்றம். அதற்குள் கொஞ்சம் ரத்த வாடை.

அப்போதுதான் அவளுக்குப் பள்ளத்து விஷயம் நினைவுக்கு வந்து தொலைத்தது.

பதினைந்து நாள் இருக்கும். ஒரே மாதத்தில் ஏதோ ஒன்று பதினோரு ஆட்டைக் குதறிப் போட்டிருந்தது. கேட்டவர்கள் எல்லாரும் தெருநாய் என்றார்கள். வேட்டைக்குப் போய்ப் பழகிய லட்சுமணசாமி மட்டும் கால் தடத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "நாயில்லீங்க, ஓநாய்" என்றார். வறண்டு கிடந்த பள்ளத்துக் கரையில் அதன் வங்கை, மண்ணைக் குடைந்த பொந்தைக் கண்டுபிடித்தார்கள். பெரியவை வெளியே போயிருந்தன, உள்ளே குட்டிகள். புகை போட்டும் அவை வரவில்லை. கடைசியில் ஆறுச்சாமி வங்கின் வாயில் குத்தவைத்து உட்கார்ந்து, ஆட்டுக்குட்டியைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டார். வா கண்ணு, வா, இந்தா. ஒவ்வொன்றாக வாலை ஆட்டிக்கொண்டு வந்தனவாம். லட்சுமணசாமி கடப்பாரையோடு பக்கத்தில் நின்றார்.

அன்று ராத்திரி ஆறுச்சாமி தட்டில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. "கூப்புட்டா வந்துபோட்டுதுக, நாச்சி. அதுகளுக்கு என்ன தெரியும்?" என்றார். பிறகு, "எதுத்த கரையில பெருசு ஒண்ணு நின்னு பாத்துட்டே இருந்துச்சு. சத்தமே போடல. நான் கூப்புடறதையே கேட்டுட்டு நின்னுச்சு" என்றார். "சனியன் ஒழிஞ்சுதுன்னு சோத்தத் தின்னுங்க" என்று இவள்தான் அதட்டினாள்.

"வா கண்ணு... இந்தா..."

இப்போது பட்டிக்கு இந்தப் பக்கம்.

நாச்சியம்மாள் போனை எடுத்து அவருக்கு அடித்தாள். மூன்றாவது ரிங்கில் எடுத்தார். பின்னால் பஸ் ஹாரன், யாரோ பூ விலை கேட்கிற சத்தம்.

"எங்கீங்க இருக்கறீங்க?"

"அன்னூர்லதான். இப்பத்தான் மருந்து குடுத்தாங்க. ஏன் நாச்சி, என்னாச்சு? போன்ல சார்ஜு நிக்க மாட்டேங்குது..."

"வேலிகிட்ட உங்க குரல்ல..." என்று தொடங்குவதற்குள் லைன் செத்துவிட்டது. மறுபடி அடித்தாள். ஸ்விட்ச் ஆஃப்.

அன்னூரில் இருக்கிறார். அப்படியானால் ஜன்னலுக்கு வெளியே நிற்பது யார்? ஐயோ, ஜன்னல். திறந்த ஜன்னலை எப்படி மறந்தாள்! ஓடிப் போய்ப் பார்த்தால், ஐந்து வயது மகள் லோகப்பிரியா ஸ்டூல் மேல் ஏறி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வா கண்ணு..."

"அப்பா, நான் என்ன ஆட்டுக்குட்டியா?" லோகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதிகாரம் செய்தாள். பிறந்த நாளிலிருந்து மகளை மரியாதை குறைத்து ஒரு வார்த்தை சொல்லாத அப்பன். "அம்மணி வாங்க, சாப்புடுங்க" என்றுதான் அவளை வளர்த்தார். "வாங்கன்னு கூப்புடுங்க. அப்பத்தான் வருவேன்!"

வெளியே ஏதோ மூச்சு விட்டது. நாக்கு ஈரமாக அசைகிற சத்தம், வாய்க்குப் பழகாததை மென்று பார்ப்பது போல.

"வா... ங்க."

லோகு கைதட்டினாள்.

"வாங்க. அம்மணி. வாங்க."

நாச்சியம்மாள் பிள்ளையை வாரி எடுத்து ஜன்னலை அறைந்து சாத்தினாள். முன்கதவுத் தாழ்ப்பாள். பின்பக்கத்துப் பொடக்காளிக் கதவுத் தாழ்ப்பாள். பிள்ளையின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஆசாரத்து மூலையில் குறுகி உட்கார்ந்தாள். "பேசாத தங்கம், பேசாத" என்று அவள் காதுக்குள் முணுமுணுத்தாள். இனி ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது. சொன்னதை எல்லாம் அது எடுத்துக்கொள்கிறது. கட்டிலுக்கு அடியில் டைகர் மூத்திரம் விட்டு, அந்த ஈரத்திலேயே படுத்திருந்தது.

எவ்வளவு நேரம் போனதோ. பிறகு அந்தச் சத்தம் கேட்டது. டுர்ரென்று, சைலன்சர் ஓட்டையான மொபெட். இதை எந்த மிருகமும் கத்த முடியாது. அவர்தான். வந்துவிட்டார், கடவுளே, வந்துவிட்டார்! எழுந்து ஜன்னல் சந்தில் கண்ணை வைத்தாள். ஹெட்லைட் வண்டித் தடத்தில் வந்து நின்றது, அணைந்தது. டார்ச் எரிந்தது.

"நாச்சி! என்னாச்சு புள்ள?"

கதவைத் திறக்க அவள் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"ஏனுங்க, இங்க வாங்க!"

கை அப்படியே நின்றது. அவள் வாயைத் திறக்கவில்லை. அது அவள் குரல். பட்டிக்குப் பின்னாலிருந்து.

"அங்கயா இருக்கற?" டார்ச் பட்டிப்பக்கம் திரும்புவது கதவுச் சந்தில் தெரிந்தது.

"சோறு ஆறுது, இங்க வாங்க!"

"பட்டில என்ன சோறு? பயந்து போயிருக்கறயா நாச்சி? இரு, வாரேன்." டார்ச் நடந்தது.

"போகாதீங்க!" நாச்சியம்மாள் வயிற்றிலிருந்து அலறினாள். "நான் ஊட்டுக்குள்ள இருக்கறனுங்க! போகாதீங்க!"

"போகாதீங்க!" என்றது துவைகல்.

"போகாதீங்க!" வேப்பமரத்தடி.

"போகாதீங்க!" பொடக்காளி. வைக்கோல் போர். கிணற்று மேடு. எல்லாம் அவள் குரல். எல்லாம் அதே அலறல்.

டார்ச் நடுவாசலில் நின்று சுற்றியது. இடது. வலது. மறுபடி இடது. "எங்க புள்ள? எந்தப் பக்கம்?" அவர் குரல் உடைந்தது. "பாப்பா எங்க?"

அவள் தாழ்ப்பாளை இழுத்தாள். கதவுக்கு அந்தப் பக்கம், அவள் முழங்கால் உயரத்தில், பலகையில் மூக்கை வைத்து ஏதோ முகர்ந்தது. சூடான மூச்சு சந்து வழியே அவள் பாதத்தில் பட்டது.

"வாங்க அம்மணி, வாங்க," என்றது, ஆறுச்சாமியின் குரலில், மெதுவாக, மரியாதையாக.

அவள் கை தாழ்ப்பாளைத் திரும்ப அழுத்தியது. அவள் அழுத்தவில்லை, கை அழுத்தியது. இடுப்பில் பிள்ளை.

வெளியே எல்லாம் ஓய்ந்தது. எல்லாக் குரலும் ஒரே நேரத்தில்.

பிறகு வேலிக்கு அப்பால், சின்னதாக, செல்லமாக, ஒன்று மட்டும்.

"அப்பா, இங்க வாங்க."

"அம்மணி!" ஆறுச்சாமிக்கு உயிர் வந்ததுபோல் இருந்தது. "அங்கயா இருக்கறீங்க? அப்பா வாரேன், நவுராம இருங்க தங்கம்!" டார்ச் துள்ளித் துள்ளி ஓடியது.

நாச்சியம்மாள் கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. அதையும் இருட்டு திருப்பிக் கத்தியது.

லோகு தன் வாயைப் பொத்தியிருந்த அம்மாவின் கையை விலக்கினாள்.

"அம்மா, அது நானுங்களா?"

டார்ச் வேலிச் சந்தைத் தாண்டி, நின்றது. வெளிச்சத்துக்குள் ஒன்று உட்கார்ந்திருந்தது. சாம்பல் நிறம். தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது. அதற்குப் பின்னால் இரண்டிரண்டாகக் கண்கள் எரிந்தன.

அது வாயைத் திறந்தது. லோகு சிரிக்கிற சத்தம் கேட்டது. இடுப்பில் இருந்த லோகு சிரிக்கவில்லை.