இறங்கிய முள்

மழை வருமா வராதா என்று இருட்டிக் கிடந்த ஒரு பிற்பகலில் சர்வேயரம்மாவின் அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "எங்கப்பா ஒரு உயிரைக் கொன்னுட்டார்னு சொல்றாங்க மேடம்" என்றாள் நின்றபடியே.

கெட்டு நிற்கும் வண்டிகளைப் பரிசோதித்து, ஏன் கெட்டன என்று காவல் நிலையத்துக்கு அறிக்கை எழுதித் தருவது சர்வேயரம்மாவின் தொழில். கூடவே போய்ப் படம் எடுப்பவர் அவருடைய கொழுந்தனார். போட்டோக்காரர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அவருக்குக் கேமராவைவிட வாய் வேகம். உயிர், கொலை என்று காதில் விழுந்ததும் நாற்காலியோடு முன்னால் நகர்ந்து வந்துவிட்டார்.

"தம்பி, அந்த நாற்காலியை அந்தப் பொண்ணுக்குக் கொடுங்க" என்றார் சர்வேயரம்மா.

அவள் அப்பா ஓர் அச்சக முதலாளி வீட்டில் இருபத்திரண்டு வருடமாக டிரைவர். நான்கு நாளுக்கு முன் காலையில் முதலாளியின் அம்மாவுக்கு நெஞ்சு வலி. முதலாளி வெளியூரில் இருந்தார். அவருடைய தம்பி, சின்னவர், முன் சீட்டில் ஏறிக்கொள்ள, அம்மாவைப் பின் சீட்டில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. வேறு வண்டி கிடைப்பதற்குள் அந்த அம்மாவின் மூச்சு நின்றுபோனது.

"சூட்டு முள் கடைசி வரைக்கும் சிவப்புலயே நின்னுச்சுன்னு சின்னவர் போலீஸ்ல சொல்லிட்டார் மேடம். நிறுத்துங்கன்னு கத்தினாராம். அப்பா கேக்காம ஓட்டினாராம். நாளைக்குக் கேஸ் போட்டுடுவாங்க."

"அப்பா என்ன சொல்றார்?"

"'முள் இறங்கிடுச்சு, அதான் ஓட்டினேன்.' இது ஒண்ணுதான். வேற பேச்சே இல்ல. தட்டுல வச்ச சோறு அப்படியே இருக்கு."

அரை மணி நேரத்தில் மூவரும் கார் நிற்கும் பட்டறையில் இருந்தார்கள்.

பட்டறைக்காரர் துக்கத்தைக்கூடச் சத்தமாகவே சொல்லும் ரகம். "இன்ஜின் வெந்துபோச்சும்மா! உள்ளேருந்து அரை மக்கு தண்ணிகூட வரல. வந்ததும் பழுப்பா, குழாய்த் தண்ணி மாதிரி. ஆனா ஒரு ட்யூப் ஒழுகலை. ரேடியேட்டர் மூடியத் தொட்டேன், அதுபாட்டுக்குக் கையோட வந்துடுச்சு. நல்லவேளை வண்டி ஆறியிருந்துது, இல்லேன்னா என் மூஞ்சி போயிருக்கும்."

"மீட்டரைப் பாத்தீங்களா?"

"பாக்காம இருப்பேனா? இன்ஜின்ல சூடு பாக்கற சென்சாரைக் கழட்டி, நீள வயர் கொடுத்து, கொதிக்கிற தண்ணியில போட்டேன். முள் ஜம்முனு ஏறுது. மீட்டர் மேல பழி போட முடியாது. பெட்ரோல் முள்தான் கால் டேங்க்ல ஒட்டிக்கிட்டு நிக்கும். அது பல வருஷமா அப்படித்தான்."

போட்டோக்காரர் துள்ளினார். "பிடிச்சுட்டேன் அண்ணி! ஒரு முள் பொய் சொன்னா பக்கத்து முள்ளும் பொய் சொல்லும். ரெண்டுக்கும் ஒரே வயர் கோளாறு!"

"அப்படின்னா கொதிக்கிற தண்ணியில மட்டும் எப்படித் தம்பி சரியா ஏறுது?"

போட்டோக்காரர் உடனே எதையோ படம் எடுக்கப் போய்விட்டார்.

சர்வேயரம்மா டிக்கியைத் திறந்தார். துடைத்து வைத்த கருவிகளுக்கு நடுவே இன்ஜின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஊற்றும் பச்சைக் கூலண்ட் பாதி தீர்ந்த கேனில் இருந்தது. "இதைத்தான் டிரைவர் ஊத்துவாரா?"

"வேற எதையும் ஊத்த விடமாட்டார். அவசரத்துக்கு நான் ஒரு தடவை குழாய்த் தண்ணி ஊத்தினேன், சண்டைக்கே வந்துட்டார்."

சர்வேயரம்மா டிக்கியை மூடினார். எல்லோரையும் மறுநாள் காலை, காவல் நிலையத்துக்குப் போவதற்கு முன் இங்கே வரச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

காலையிலும் வெளிச்சம் வரவில்லை. முதலாளி தூங்காத கண்களோடு வந்தார்; டிரைவரின் முகத்தைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை. சின்னவர் அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். டிரைவர் மகளுக்குப் பக்கத்தில் ஒரு பழைய டயரின் மேல் குறுகி உட்கார்ந்திருந்தார். பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது.

அடுப்பில் பாத்திரம் கொதித்தது. பட்டறைக்காரர் சென்சாரை உள்ளே விட, டாஷ்போர்டில் முள் ஏறிச் சிவப்பைத் தொட்டது. "இப்ப வெளியே எடுங்க" என்றார் சர்வேயரம்மா. அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது, தண்ணீரும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. முள் மெல்லக் கீழே இறங்கியது.

"இந்த முள்ளுக்கு இன்ஜின் சூடு தெரியாது. தன்னைச் சுத்தி இருக்கற தண்ணியோட சூடுதான் தெரியும். ஓடற வண்டியில தண்ணி கொதிச்சப்ப முள் ஏறுச்சு. தண்ணி ஆவியாகி வெளியே போயிடுச்சு, முள் இறங்கிடுச்சு. ஆறிடுச்சுன்னு தோணும். உண்மையில அப்பதான் இன்ஜின் வேக ஆரம்பிக்குது. டிரைவர் சொன்னது அத்தனையும் நிஜம். கடைசி வரைக்கும் சிவப்புலயே நின்னுச்சுங்கறதுதான் நடக்காத கதை."

"அப்ப தண்ணி எங்க போச்சு?" என்றார் முதலாளி.

சர்வேயரம்மா ரேடியேட்டர் மூடியைப் பட்டறைக்காரரிடம் நீட்டி மூடச் சொன்னார். அவர் திருகினார், அழுத்தினார், மறுபடி திருகினார். அடுத்துச் சர்வேயரம்மா அதைக் கழற்றிச் சின்னவரிடம் கொடுத்தார். அவர் இடது கையால் வாங்கி ஒரு திருகு திருகிவிட்டு, "ஆச்சு" என்றார்.

"ஆகலை. இது பாதி. அழுத்தித் திருகினாத்தான் பூட்டும். பாதியில நின்னா, சூடானதும் தண்ணியெல்லாம் வெளியே போயிடும். பட்டறைக்காரர் தொட்டதும் மூடி கையோட வந்துச்சே, அது இப்படித்தான் நின்னிருக்கு. டிரைவர் இப்படி மூடற ஆளில்ல. உள்ள இருந்த குழாய்த் தண்ணியும் அவர் ஊத்தினதில்ல. வலது கைக்கு என்ன ஆச்சு, சின்னவரே?"

"எங்க வீட்ல டிரைவரைத் தவிர யாரும் வண்டியத் தொட மாட்டாங்க" என்று குறுக்கிட்டார் முதலாளி. "சாவி அம்மா பீரோவுல இருக்கும்."

"அம்மாவே எடுத்துக் கொடுத்திருந்தா?"

ஐந்து நாளாக அந்த ஒரு பேச்சைத் தவிர வேறு பேசாத டிரைவர் எழுந்துவிட்டார். "விட்டுடுங்கம்மா. எனக்கு லீவுன்னா அவங்க சின்னவருக்குச் சாவி கொடுப்பாங்க. பெரியவருக்குத் தெரியக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாங்க. போனவங்க பேரு கெட வேணாம்."

சின்னவர் பொத்தானைக் கழற்றினார். மணிக்கட்டில் தோல் கொப்புளித்து உரிந்திருந்தது. "முந்தின நாள் மலை ரோட்ல சூடாயிடுச்சுண்ணா. மூடியத் தொறந்தேன், பச்சையாப் பீச்சி அடிச்சுது. தெருக் குழாயில பிடிச்சு ஊத்தினேன். மூடிட்டேன்ணா, சத்தியமா மூடினேன்னுதான் நெனச்சேன்." அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். தான் செய்ததை வண்டி நின்ற நிமிடமே அவர் புரிந்துகொண்டிருக்க வேண்டும். அந்தப் பயம்தான் பழியை அடுத்தவர் தலையில் தூக்கிப் போட வைத்திருக்கிறது. முதலாளி தம்பியைத் திட்டவும் இல்லை, தொடவும் இல்லை.

போட்டோக்காரருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. டிரைவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க மேல ஒரு தப்பும் இல்லைங்க! இனிமே நிம்மதியா சாப்பிடுங்க!"

டிரைவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். சர்வேயரம்மாவிடம் மட்டும் பேசினார்.

"முள் சிவப்புக்குப் போனதும் நிறுத்தப் போனேம்மா. எதிர்ல ஒரு வாடகைக் கார் காலியா வந்துச்சு. கை காட்டலாம்னு ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிட்டேன். அதே நேரம் முள் இறங்குச்சு. பின்னாலேருந்து அம்மா, 'வண்டி சரியாயிடுச்சாப்பா?'ன்னாங்க. 'ஆயிடுச்சும்மா, போயிடலாம்'னு சொல்லிட்டுக் கையை உள்ளே இழுத்துக்கிட்டேன்."

மகள் அவர் தோளைத் தொட்டாள். சர்வேயரம்மா அறிக்கைக்காக எடுத்த பேனாவை மூடி வைத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில், அந்த டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.