பட்டியலில் இல்லாத பெயர்

அந்த ஞாயிறு மதியம், யாரும் அனுப்பாத சாவி ஒன்றை அபிநயாவின் நிரல் மூன்று முறை நிராகரித்திருந்தது.

ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு மாடி அலுவலகம். மின்னணுப் பூட்டுகளுக்கு மென்பொருள் எழுதுகிறார்கள். பூட்டுக்கு வரும் ஒவ்வொரு மின்னணுச் சாவியும் தான் எந்தக் குறியாக்க முறையைச் சேர்ந்தது என்று பெயர் சொல்ல வேண்டும். பட்டியலில் உள்ள பெயரென்றால் கதவு திறக்கும். தெரியாத பெயரென்றால் ஊகிக்கக் கூடாது, மறுத்துவிட வேண்டும். அந்த விதியை எழுதியவள் அவள்தான்.

மகள் கனிஷ்கா தோட்டத்துக் கிணற்றில் விழுந்து இறந்து நாற்பது நாளாகிறது. வீட்டில் இருக்க முடியாமல் அபிநயா விடுமுறையிலும் இங்கே வந்துவிடுகிறாள். ஏசியின் முனகலும் கீழே பேக்கரியில் தேங்காய் பன் வேகும் வாசமும் மெல்ல அடங்க, அந்த இடத்தில் எங்கிருந்தோ பாசி வாடை வந்து நிறைந்தது.

திரையில் நான்காவது வரி விழுந்தது.

தெரியாத முறை: கனிக்கா. மறுக்கப்பட்டது.

தன் பெயரைச் சொல்ல வராமல் குழந்தை சொன்ன பெயர் அது. சோதனைப் பூட்டு மாட்டியிருந்த அவள் அறைக்கதவில், முழங்கால் உயரத்தில், மெல்லத் தட்டும் சத்தம் கேட்டது.

கணவன் சிவக்குமாரைக் கைபேசியில் அழைத்தாள்.

"ஏனுங்க, கனிக்காங்கற பேரை வெளிய யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"நம்ம ஊட்டுக்குள்ள மட்டும் கூப்புட்ட பேரு அபி. யாருக்குத் தெரியும்? அங்கயே இரு, நான் வாரேன்."

மீண்டும் மறுக்கப்பட்டது. கதவுக்கு அப்பால் விசும்பல்.

குழந்தை விழுந்த அன்றைக்கும் அவள் வீட்டில் அறைக்குள் வேலையில்தான் இருந்தாள். "அம்மா, கதவத் தொற" என்று குழந்தை தட்டியது. "அம்மாவுக்கு வேல இருக்குது சாமி, வெளிய போயி வெளையாடு."

போய்விட்டது.

பட்டியலைத் திறந்தாள். கடைசி வரியில் அந்தப் பெயரைச் சேர்த்தாள். அதன் சாவி எப்படிப்பட்டது, உள்ளே என்ன இருக்கிறது, எதுவும் தெரியாது. பெயர் மட்டும் தெரியும்.

ஏற்கப்பட்டது.

பூட்டு விலகியது. கதவு திறந்தது.

அபிநயா மண்டியிட்டுக் கைகளை நீட்டினாள். குழந்தை உயரத்தில் யாருமில்லை. ஈரக்காற்று மட்டும்.

"அம்மா."

அதே குரல். மேலே, கதவு நிலைக்கும் மேலான உயரத்திலிருந்து.

நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்தாள். அது குனிந்து உள்ளே வந்துகொண்டிருந்தது.

அவள் கைகளை மடக்கவில்லை.