நிஜம்! நிஜம்! நிஜம்!

வர்ஷா ஓடினாள்.

ஒரு செருப்பு எங்கோ கழன்று விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பாவாடை காலைத் தடுக்கியது. வலது கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். இடது கையை மட்டும் இறுக மூடியிருந்தாள்.

அந்தக் கைக்குள் என்ன இருந்தது? இப்போது கேட்காதீர்கள். நின்று பதில் சொல்கிற நிலையில் அவள் இல்லை.

அவளுக்குப் பின்னால், விளையாட்டுத் திடலின் வேப்ப மரத்தடியில், பலத்த கைதட்டல் எழுந்தது.

"அப்பாவு சார், பிரமாதம்! நீங்க சினிமாவுக்கே போயிடலாம்!"

யாரோ விசில்கூட அடித்தார்கள்.

'ஐயோ, கைதட்டுகிறார்களே!'

வர்ஷாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழ நேரமில்லை. ஓடினாள்.

நடந்தது இதுதான்.

ஆவடியில் அந்தத் தொழிற்சாலைக் குடியிருப்பில் அன்று முதலுதவி ஒத்திகை. யாருக்காவது திடீரென்று உடம்புக்கு முடியாமல் போனால், ஆம்புலன்ஸ் வந்து சேரும் வரை அக்கம்பக்கத்தினர் என்ன செய்ய வேண்டும்? அதை நாடகம் போல நடத்திப் பழகுவார்கள். குடியிருப்பின் தன்னார்வ முதலுதவிக் குழுவினர் ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள்.

நாடகம் என்றால் நோயாளி வேண்டுமே? அதற்கு அப்பாவு மாமாதான். தொழிற்சாலையில் அவர் லேத் மிஷின் ஓட்டுபவர். இங்கே நடிகர். "அம்மாடி!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் சாய்கிற அழகைப் பார்க்கவே பக்கத்து பிளாக்குகளிலிருந்து கூட்டம் வரும். போன தடவை அந்தப் பக்கமாக வந்த தபால்காரர், விஷயம் தெரியாமல் சைக்கிளைப் போட்டுவிட்டு அழுதேவிட்டார்.

வர்ஷாவுக்கு மகள் வேடம். பக்கத்தில் உட்கார்ந்து "அப்பா! அப்பா!" என்று அழ வேண்டும். மொத்த வசனமே அவ்வளவுதான். அதற்குத்தான் இந்தப் பாவாடை.

காலையிலேயே வந்திருக்க வேண்டிய சிறப்பு விருந்தினர் இன்னும் வரவில்லை.

"கிளம்பிட்டாராம்!" என்று மைக்கில் சொன்னார்கள். பிறகு, "பூந்தமல்லி தாண்டிட்டாராம்!" பிறகு, "இதோ வந்துட்டாராம்!"

வெயில் உச்சிக்கு ஏறியது. ஒத்திகை முடிந்ததும் கொடுப்பதற்காக வாங்கி வைத்த டீயும் மசால்வடையும் ஆறிப்போயின. அப்பாவு மாமாவின் மனைவி கமலம் அத்தை, வடைத் தட்டுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணால் வடைக்குக் காவல், மறு கண்ணால் மாமாவுக்குக் காவல். மாமாவுக்குச் சர்க்கரை நோய். டாக்டர் எண்ணெய்ப் பலகாரமே கூடாது என்று சொல்லியிருந்தார்.

திடீரென்று அப்பாவு மாமா சாய்ந்தார்.

நெஞ்சைப் பிடிக்கவில்லை. "அம்மாடி" இல்லை. ஒரு சத்தமும் இல்லாமல் மரத்தடியில் அப்படியே சரிந்தார்.

"அட, புது ஸ்டைலு!" என்றது கூட்டம்.

"என்ன அவசரம் சார்? விருந்தினர் வந்ததும் விழுந்தா போதும்!" என்று ஒருவர் கிண்டல் செய்தார்.

சரி, மாமா ஒரு தடவை நடித்துப் பார்க்கிறார் போல என்று வர்ஷாவும் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எப்போதும் போல அவர் மேல் துண்டைப் போர்த்தினாள். எப்போதும் செய்வதைச் செய்தாள்.

ஆனால் எப்போதும் நடப்பது அன்று நடக்கவில்லை.

"மாமா?"

பதில் இல்லை.

அவர் கையைத் தொட்டாள். சில்லிட்டிருந்தது. இந்த வெயிலில்! நெற்றியெல்லாம் குளிர்ந்த வியர்வை. தோளைப் பிடித்து உலுக்கினாள். மூச்சு இருந்தது. ஆனால் கண் திறக்கவில்லை.

வர்ஷா துள்ளி எழுந்தாள்.

"கார்த்திகேசன் அங்கிள்! 108-ஐ கூப்பிடுங்க!" என்று கத்தினாள்.

ஆரஞ்சுச் சட்டை போட்ட கார்த்திகேசன் நிமிர்ந்து நின்றார். பையிலிருந்து எதையோ எடுத்துக் காதில் வைத்தார். மனப்பாடம் செய்த வசனத்தைக் கணீரென்று சொன்னார். "ஹலோ, 108-ங்களா? இங்க ஒருத்தர் மயங்கிட்டார்! கூப்பிட்டாச்சு வர்ஷா! ஆம்புலன்ஸ் வந்துக்கிட்டே இருக்கு!"

அவர் காதில் இருந்தது டிவி ரிமோட்.

"அங்கிள், இது ரிமோட்டு!"

"ஃபோன் வீட்ல சார்ஜ்ல கிடக்கும்மா. நடிக்கிறதுக்கு இது போதாதா?"

அப்போதுதான் வர்ஷாவுக்கு அந்த விதி நினைவுக்கு வந்தது. முதலுதவிப் பயிற்சியின் முதல் நாளிலேயே குழுத் தலைவி சுதா அக்கா சொல்லிக் கொடுத்திருந்தார். 'ஒத்திகை நடக்கும்போது யாருக்காவது உண்மையிலேயே ஆபத்து வந்தா, "நிஜம்"னு மூணு தடவை கத்தணும். கத்தினவங்ககிட்ட, எப்படித் தெரியும்னு யாரும் கேட்கக் கூடாது. உடனே நாடகத்தை நிறுத்தணும்.'

"நிஜம்! நிஜம்! நிஜம்!" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினாள்.

"அடடே! வர்ஷாவும் என்னமா நடிக்கிறா!" என்றார் ஒரு பாட்டி. கூட்டம் மறுபடி கைதட்டியது.

சுதா அக்கா அந்த விதியைச் சொன்ன நேரத்தில் இவர்கள் எல்லோரும் சமோசா தின்றுகொண்டிருந்தவர்கள். ஒருவருக்கும் நினைவில்லை.

நினைவிருக்கும் ஒரே ஆள் சுதா அக்காதான். அவரோ குடியிருப்பின் வாசலில், விருந்தினரை வரவேற்க நின்றிருந்தார்.

அதனால்தான் வர்ஷா ஓடினாள்.

வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். குடியிருப்புச் சங்கச் செயலாளர் நடேசன் கையில் பன்னீர்ச் சொம்பு. சுதா அக்கா கையில் பொன்னாடை.

"நிஜம்!" மூச்சு இரைத்தது. "நிஜம்! நிஜம்!"

நடேசன் திரும்பி முறைத்தார். "ஏய், இங்க என்ன சத்தம்? விருந்தினர் கார் சிக்னல்கிட்ட வந்துடுச்சு. போய் உன் இடத்துல உட்காரு!"

சுதா அக்காவின் முகம் மாறியது.

"யாரு?" என்று மட்டும் கேட்டார்.

"அப்பாவு மாமா. மூச்சு இருக்கு. கண் திறக்கலை. கை ஜில்லுனு இருக்கு."

எப்படித் தெரியும் என்று சுதா அக்கா கேட்கவில்லை. பொன்னாடையை நடேசன் தோளில் எறிந்தார். ஃபோனை எடுத்து நிஜமாகவே 108-ஐ அழைத்தபடியே ஓடினார்.

"அம்மா சுதா! பொன்னாடையை யாரு போடறது?" என்று கத்திய நடேசனின் தோளில் அது அழகாகத்தான் இருந்தது.

மரத்தடியில் இப்போது கைதட்டல் நின்றிருந்தது. கமலம் அத்தை மாமாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, "ஏங்க, போதும் நடிச்சது. எழுந்திரிங்க" என்று அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"கையில சாவிக்கொத்து கொடுங்கப்பா!" என்றார் ஒருவர். இன்னொருவர் சோடாவை உடைத்து, மாமாவின் வாயைத் திறக்கப் போனார்.

"ஊத்தாதீங்க!" வர்ஷா பாய்ந்து பாட்டிலைத் தட்டிவிட்டாள். சோடா அவள் மீதே பொங்கி வழிந்தது. "மயக்கத்துல இருக்கிறவங்க வாயில எதையும் ஊத்தக் கூடாது! புரையேறிடும்!"

"அவ சொல்றதுதான் சரி. தள்ளுங்க, காத்து வரட்டும்" என்றார் சுதா அக்கா.

மாமாவை மெல்ல ஒருக்களித்துப் படுக்க வைத்தார். விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை முதலுதவிப் பெட்டியிலிருந்த சின்னக் கருவியில் வைத்துப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"சர்க்கரை ரொம்ப இறங்கிப் போச்சு. அத்தை, மாமா காலையில என்ன சாப்பிட்டார்?"

கமலம் அத்தை முகத்தில் அறைந்துகொண்டார். "மாத்திரை மட்டும் போட்டுக்கிட்டார். இட்லி எடுத்து வச்சேன். விருந்தினர் வந்துடுவார், அப்புறம் சாப்பிடறேன்னு ஓடி வந்துட்டார். அந்த மனுஷன்தான் இன்னும் வரலையே!"

தூரத்தில் சைரன் கேட்டது. நிஜ சைரன்!

எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் சைரன் நெருங்கவில்லை. ஒரே இடத்தில் நின்று அலறியது.

வர்ஷா எட்டிப் பார்த்தாள். திடலுக்கு வரும் ஒரே பாதையில், குறுக்கே ஒரு வேன். அதன் மீது சிவப்புக் காகிதத்தில் வெட்டி ஒட்டிய ஆம்புலன்ஸ் அடையாளம். நாடகத்துக்காகக் கொண்டுவந்த பள்ளிக்கூட வேன் அது.

பொய் ஆம்புலன்ஸ் நிஜ ஆம்புலன்ஸை மறித்துக்கொண்டு நின்றது!

மறுபடி ஓட்டம். மிச்சமிருந்த செருப்பையும் உதறினாள். தார் ரோடு உள்ளங்காலைச் சுட்டது.

வேன் டிரைவர் ஜெயராமன் நெமிலிச்சேரிக்காரர். பின் சீட்டில் கால் நீட்டிப் படுத்திருந்தார்.

"ஜெயராமன் அண்ணா! எழுந்திரிங்க!"

"இன்னா பாப்பா, டிராமா ஸ்டார்ட் ஆயிட்ச்சா? நம்ம சீன் எப்போ?"

"இப்பதான் அண்ணா! உங்க சீன்தான் பெரிய சீன்! வண்டியை எடுங்க!"

ஜெயராமன் பின்னால் பார்த்தார். நிஜ ஆம்புலன்ஸின் நீல விளக்கு அவர் கண்ணில் அடித்தது.

"அய்யய்யோ! இத்த மின்னாடியே சொல்றதில்லையா? ஏய், ஓரம் போ, ஓரம் போ!" என்று வேனைச் சீறிக்கொண்டு கிளப்பி, பாதையோரம் கட்டியிருந்த வாழைமரம் ஒன்றைச் சாய்த்து, புல்வெளியில் ஏற்றி நிறுத்தினார்.

ஆம்புலன்ஸ் பாய்ந்து உள்ளே போனது.

அதன் பின்னாலேயே ஒரு வெள்ளைக் காரும் வந்தது. சிறப்பு விருந்தினர்! கதவைத் திறந்து இறங்கினார். ஸ்ட்ரெச்சர் ஓடுவதைப் பார்த்தார். கமலம் அத்தை அழுவதைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அடடா! என்ன தத்ரூபம்! என்ன தத்ரூபம்!" என்று கைதட்டினார்.

ஒருவரும் அவருடன் சேர்ந்து தட்டவில்லை. பொன்னாடை போர்த்தியிருந்த நடேசன் அவர் காதில் ஏதோ சொன்னார். விருந்தினரின் கைகள் அப்படியே நின்றன. தன் காரைத் தானே பின்னால் எடுக்கச் சொல்லி வழிவிட்டார்.

ஆம்புலன்ஸுக்குள் மாமாவின் கையில் ஊசி குத்தி, குளுக்கோஸ் ஏற்றத் தொடங்கினார்கள். பின் கதவு திறந்திருந்தது. வர்ஷா வெளியே நின்று, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தாள். தரை சுட்டதால் மட்டுமில்லை.

சொட்டு, சொட்டு, சொட்டு.

மாமாவின் விரல் அசைந்தது. இமை துடித்தது. கண் திறந்தது. சுற்றிலும் பார்த்தார்.

"என்ன, எல்லாரும் கம்முனு நிக்கறீங்க?" குரல் கம்மியிருந்தது. "நான் நல்லா நடிக்கலையா?"

கமலம் அத்தை அழுதுகொண்டே சிரித்தார். சிரித்துக்கொண்டே அவர் தோளில் ஓர் அடி கொடுத்தார். வர்ஷாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள், வலது கையால்.

"ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரையும் பார்த்துடலாம். சரியான நேரத்துல கூப்பிட்டீங்க. இன்னும் தாமதமாகியிருந்தா ரொம்பக் கஷ்டம்" என்றார் ஆம்புலன்ஸ் ஊழியர்.

சுதா அக்கா வர்ஷாவைத் திரும்பிப் பார்த்தார். "கேட்கக் கூடாதுன்னு நான்தான் விதி போட்டேன். ஆனா ஒத்திகை முடிஞ்சு போச்சு. இப்ப கேட்கலாம் இல்லையா? ஊரே கைதட்டுச்சே, உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

வர்ஷாவின் இடது கை பாவாடைக்குப் பின்னால் போனது.

"அது... சும்மா தெரிஞ்சுது அக்கா."

"கையில என்ன?"

"ஒண்ணுமில்லையே."

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த அப்பாவு மாமா, குளுக்கோஸ் ஏறாத கையை மெல்லத் தூக்கினார். உதட்டில் ஒரு விரலை வைத்தார். 'வேண்டாம், சொல்லாதே' என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

"சொல்லு கண்ணு" என்றார் கமலம் அத்தை. "எந்நேரமும் அவரையே பார்த்துக்கிட்டிருக்கேன். எனக்கே தெரியலையே. அடுத்த தடவை எனக்குத் தெரிய வேண்டாமா?"

வர்ஷா மாமாவைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள்.

"ஸாரி மாமா" என்று சொல்லிவிட்டு, கையை முன்னால் நீட்டித் திறந்தாள்.

உள்ளே, நசுங்கிப் போன ஒரு மசால்வடை.

"ஒவ்வொரு ஒத்திகையிலும் மாமா கண்ணை மூடிப் படுத்ததும், துண்டுக்கு அடியில உங்களுக்குத் தெரியாம அவர் கையில ஒரு வடை வைப்பேன் அத்தை. வச்ச உடனே டக்குனு விரலை மூடிக்குவார். இன்னைக்கு மூடலை."